முற்றும் போட்ட பெட்டி

ஒரு காட்டில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை, வாசகர்களுக்குத்தான் பஞ்சம். அந்த எழுத்தாளர்களில் ஒருவர் சடையாண்டி என்கிற முள்ளம்பன்றி. தன் முதுகு முள்ளையே பிடுங்கி மை தொட்டு எழுதுகிறவர். வலிக்கும் என்பதால் அதிகம் எழுத மாட்டார்.

‘சருகு’ பத்திரிகையின் ஆசிரியர் நரி, ஆண்டு மலருக்குக் கதை கேட்டு ஒருநாள் அவர் வளைக்கு வந்தார். கையில் மடிக்கணினி.

“தாளெல்லாம் இனி வேண்டாங்க. நேரா போற கதையை இப்போ யாரும் படிக்கிறதில்ல. இந்த மென்பொருள்ல ஒவ்வொரு காட்சியையும் ஒரு பெட்டியில எழுதணும். ஒரு சொல்லுல இருந்து இன்னொரு பெட்டிக்குக் கோடு இழுத்துட்டா, அந்தச் சொல்லைத் தொடுறவங்க அங்க போயிடுவாங்க. எந்த வழியா போறதுங்கிறது வாசகர் இஷ்டம்.”

“அப்போ நான் எதுக்கு?”

“பேர் போட ஒரு ஆள் வேணுமில்லையா?” என்றார் நரி.

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். பதினோரு வருஷமாகத் தள்ளிப்போட்ட கதை ஒன்று அவரிடம் இருந்தது. அவர் மனைவி வெள்ளத்தில் போனது காட்டுக்கே தெரியும். அன்று ஒவ்வொருவராகத்தான் மேடு ஏற முடிந்தது, “நீங்க முதல்ல ஏறுங்க” என்று அவள் சொன்னாள், அவரும் ஏறிவிட்டார் என்பது யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறும் என்று நினைத்தார்.

மூன்று வாரம் எழுதினார். முள் பிடுங்க வேண்டியதில்லை என்பதால் கதை மளமளவென்று வளர்ந்தது. ‘மழை’ என்ற சொல்லிலிருந்து கல்யாணத்துக்கு ஒரு கோடு, ‘கிழங்கு’ என்ற சொல்லிலிருந்து முதல் சண்டைக்கு ஒரு கோடு. திரை முழுவதும் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக வெள்ளக் காட்சியை அழுதுகொண்டே எழுதி, ‘முற்றும்’ போட்டு, திரையின் அடிமூலையில் வைத்தார். கடைசிப் பக்கம் கடைசியில்தானே இருக்கும்? தாளில் எழுதிப் பழகியவருக்கு அதற்கும் ஒரு கோடு இழுக்கத் தோன்றவில்லை.

கதை வெளிவந்தது. மான் கல்யாணத்தையே நான்கு முறை படித்தது. கரடி தேன் வந்த பெட்டியோடு நின்றுகொண்டது. விமர்சகர் ஆந்தை, ‘முடிவு என்னும் அதிகாரத்தை மறுத்த முதல் காட்டுப் படைப்பு’ என்று எட்டுப் பக்கம் எழுதினார். விருதும் அறிவித்துவிட்டார்கள்.

விழாவன்று காலையில் செங்கமலம் என்கிற அணில் வந்து நின்றாள். “ஐயா, பதினேழு தடவை சுத்திட்டேன். கதையில வர்ற அந்தம்மாவுக்குக் கடைசியில என்னதான் ஆச்சு?”

சடையாண்டி கணினியைத் திறந்து பார்த்தார். அடிமூலையில் அந்தப் பெட்டி ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் கிடந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு நரியிடம் ஓடினார்.

“ஒரே ஒரு கோடுங்க. இப்பவே இழுத்துடறேன்.”

“இழுங்க. முடிவு இல்லேன்னுதான் விருதே குடுக்கிறாங்க. முடிவு வந்துட்டா, ஆந்தையார் எழுதின எட்டுப் பக்கத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

சடையாண்டி மடிக்கணினியை மூடினார்.

மாலையில் விழா. மேடைப் படி குறுகல். “நீங்க முதல்ல ஏறுங்க” என்றார் நரி. சடையாண்டியின் கால் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறிவிட்டார்.

பொன்னாடை முள்ளில் மாட்டி நான்கு இடத்தில் கிழிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் முன்வரிசையிலிருந்து செங்கமலம் எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

“அதை வாசகர்தாம்மா கண்டுபிடிக்கணும்” என்றார் சடையாண்டி.

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். செங்கமலம் மட்டும் வீட்டுக்குப் போய்ப் பதினெட்டாவது முறை ‘மழை’யைத் தொட்டாள்.

நீதி: சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் அது மறதி, அதற்குப் பொன்னாடை போர்த்திவிட்டால் அது உத்தி.