எலுமிச்சம்பழமும் இருபத்தைந்து எர்ரரும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, ஆடி மாதம். குற்றாலத்தில் ஐந்தருவியும் கொட்டிக்கொண்டிருக்க, தென்காசிக் கூட்டம் அருவிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ரத வீதி மாடியிலிருந்த கம்ப்யூட்டர் நிலையத்தின் வாசலில் வரிசைகட்டி நின்றது. உள்ளே 'கம்ப்யூட்டர் சித்தர்' தாணு, மாணவர்களின் ஓடாத ப்ரோகிராமுக்குத் தோஷம் கழிக்கிறாராம்!

சித்திரை வரைக்கும் அவர் அங்கே வெறும் வாத்தியார். தூசி ஆகாது என்று ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு குளிர்ந்த அறைக்குள் நுழைந்த நம் ஜனங்களுக்குக் கைகள் தாமாகக் குவிந்தன. தாணு அதைக் கவனித்தார். மறுநாளே நெற்றியில் பட்டை ஏறிவிட்டது.

இராமலட்சுமிக்குத் திங்கட்கிழமை தேர்வு. நீளமாக எழுதிய சி ப்ரோகிராமை மூன்று ஃபைலாகப் பிரித்து, மூன்றுக்கும் பொதுவான விவரங்கள் அடங்கிய, தாணு கொடுத்த ஹெடர் ஃபைலை ஒவ்வொன்றின் தலையிலும் சேர்த்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் சான்றிதழ், திருநெல்வேலியில் வேலை. ஓடாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா நாள் குறித்தாயிற்று.

பிரித்தாள். ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்க வரியிலேயே எர்ரர், தலைக்கு இருபத்தைந்து. அந்த வரியில் எத்தனை தடவை பார்த்தும் ஒரு குறையும் இல்லை.

"ஒம்மேல தப்பில்ல தாயி. யாரோ செய்வினை வச்சிருக்கான்," என்றார் தாணு. "ஒரு எலுமிச்சம்பழம், அம்பத்தோரு ரூவா. கதவச் சாத்திப் பூசை போட்டா ஓடிரும்."

"ஹெடரத் தொறந்து பாக்கட்டுமா அண்ணாச்சி?"

"அது கர்ப்பகிரகம்லா! ஒங்க எல்லாருக்கும் நான் எழுதிக் குடுத்தது. நீ கைய வச்சா மிஷினே வெடிச்சிரும்."

இராமலட்சுமி கம்மலில் கைவைத்தாள். அடகுக்கடை பக்கத்தில்தான். கூடப் படிக்கும் குழல்வாய்மொழி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவள் அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? எங்க மண்டியில தெனம் ரெண்டு லாரி எலுமிச்சங்கா ஏறுது. அதுக்கு அம்புட்டு சத்தி இருந்தா, அந்த லாரி ஏன் வழியில பஞ்சராவுது?"

சித்தர் பக்கம் திரும்பினாள். "பூசை பண்ணுங்க அண்ணாச்சி. கீபோர்ட மட்டும் கழட்டி நான் வெளிய வச்சுக்கிடுதேன். மந்திரத்துக்குக் கீபோர்டு எதுக்கு?"

"அதானே, எதுக்கு?" என்றது வரிசை.

ஏசியிலும் சித்தருக்கு வேர்த்தது. மறுத்தால் மானம் போகும். கதவைச் சாத்திப் பழத்தை நறுக்கினார், சூடம் காட்டினார், செண்பகாதேவி அருவித் தீர்த்தம் தெளித்தார். கதவு திறந்ததும் கீபோர்டை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். இருபத்தைந்து எர்ரரும் அப்படியே. பெட்டிமேல் குங்குமம் மட்டும் புதிது.

"இப்ப நீ கர்ப்பகிரகத்தத் தொற," என்றாள் குழல்வாய்மொழி.

ஹெடரைத் திறந்தாள் இராமலட்சுமி. மிஷின் வெடிக்கவில்லை. கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் இருக்கவேண்டிய அரைப்புள்ளியைக் காணோம். ஹெடர் முடியாமல் தொங்கியதால், அதைச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு ஃபைலும் வாசற்படியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறது. அரைப்புள்ளியைத் தட்டினாள். எர்ரர் பூஜ்யம்!

வரிசையில் நின்ற மற்ற மாணவர்களும் தத்தம் ஹெடரைத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் அதே இடம் காலி.

"குடுக்கும்போது எடுத்துட்டு, கதவச் சாத்தித் திருப்பி வச்சதுக்கா அம்பத்தோரு ரூவா?" என்று எகிறினாள் இராமலட்சுமி. அதற்குள் சித்தர் பின்படியில் இறங்கி வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ப்ரோகிராம் ஓடியது. ஆவணிக் கல்யாணம் நின்றது. கம்மல் காதிலேயே இருந்தது.

சித்தரின் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. தூசி ஆகாத இடத்தில் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும் ஐயா. கூடவே மூளையையும் கழற்றி வைக்கும்படி உங்களிடம் எவன் சொன்னான்?