குராமோச்சியும் இரண்டு கை வேற்றுக்கிரகவாசியும்

குராமோச்சி ஈசுகே. வயது ஐம்பத்தெட்டு. ஊர் கவாசாகி. தொழில், தனியார் ரயில் நிறுவனமொன்றில் கால அட்டவணை வரைதல். மனைவி தொகியே. ஒரே மகள் சிஹாரு. சென்ற ஞாயிறு காலை முதற்காட்சியில், ‘நேற்றுக்கு வந்த படை’ என்னும் படத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தார். அன்று பிற்பகல், சிஹாருவை மணக்க விரும்பும் நிகைடோ என்னும் இளைஞர் முறைப்படி பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. விவரங்கள் இவ்வளவே. இனி வருவது தீர்ப்பு.

இவர் ‘ஓட்டை காண்போர்’ என்னும் இனத்தைச் சேர்ந்தவர். நாமெல்லாம் படம் பார்க்கப் போகிறோம். இவ்வினத்தார் தணிக்கை செய்யப் போகிறார்கள். எட்டுக்கால் விண்கலம் இறங்கி ஒசாக்காக் கோட்டையைச் சோற்றுருண்டை போல விழுங்கும்போதும், கதாநாயகி பதினொரு ஆண்டு பின்னோக்கிப் பாய்ந்து, பள்ளிச் சீருடையில் நிற்கும் தன்னைத் தானே கட்டிக்கொண்டு கதறும்போதும், முன்வரிசை பின்வரிசை எல்லாம் கைக்குட்டை தேடும்போதும், இவர் இருட்டில் கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருப்பார். கண்ணீரா? அதற்கு ஏது நேரம்?

திரையில் கடைசிப் பெயர் ஓடி விளக்கு எரியும்வரை நம் ஜப்பானியத் திரையரங்குகளில் எவரும் வாய் திறப்பதில்லை அல்லவா? மற்றவர்களுக்கு அது மரியாதை. இவ்வினத்தாருக்கு அது பதப்படும் நேரம். கண்ட ஓட்டையெல்லாம் உப்பில் கிடக்கும் முள்ளங்கியைப் போல உள்ளேயே கிடந்து பதமாகி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னவளே சிஹாருதான். வேற்றுக்கிரகப் படைத்தலைவனின் ரப்பர் உடுப்புக்குள் இருந்தவர் நிகைடோ. வருங்கால மாப்பிள்ளையின் உழைப்பைக் கண்டால் அப்பா உருகிவிடுவார் என்று நம்பினாள். எந்த அப்பா? ஒரே தண்டவாளத்தில் ஒரே நிமிடத்தில் இரண்டு வண்டிகள் நிற்பதாகக் கனவு கண்டாலும் எழுந்து விளக்கைப் போடுகிற அப்பா!

நிகைடோ கறுப்புக் கோட்டும் இனிப்புப் பெட்டியுமாக வந்து, பாயில் மண்டியிட்டு அமர்ந்து, தலையைத் தாழ்த்தினார்.

“ஐயா, உங்க பொண்ண எனக்கு...”

“அது கிடக்கட்டும் தம்பி. பாலத்துச் சண்டையில உங்க இடது கை அறுந்து ஆத்துல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சுங்க.”

“அதுக்கப்புறம்தானே பழைய காலத்துக்குப் போனீங்க?”

“ஆமாங்க.”

“அங்க போய் ரெண்டு கையாலயும் ஒருத்தன் கழுத்த நெரிக்கிறீங்களே, அந்த ரெண்டாவது கை யாருது?”

நிகைடோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இடது கையில்லாத உடுப்புல ஜிப்பு பிஞ்சுபோச்சுங்க. அன்னிக்கு மழை வேற. டைரக்டரு, ‘இதையெல்லாம் எவன் பாக்கப் போறான்’னுட்டாரு.”

“நான் பாத்தேனே!”

“அப்பா! அவரு அந்த ரப்பருக்குள்ள வெந்து நூலாப் போனாருப்பா!” என்றாள் சிஹாரு.

“வெந்ததப் பத்தி யாரும்மா கேட்டா? வரிசையக் கேக்குறேன்.”

வரிசை விசாரணை நெடுநேரம் நீண்டது. மீண்டும் தலை தாழ்த்த முயன்ற நிகைடோவை மரத்துப்போன கால்கள் கைவிட்டன. இனிப்புப் பெட்டியின் மேலேயே சாய்ந்தார். விழுந்தவர் விழுந்தபடியே, “உங்க பொண்ண எனக்குக் கட்டிக்குடுங்க!” என்று கேட்டும் முடித்தார்.

குராமோச்சி கைகளைக் கட்டிக்கொண்டார். “எது முன்ன, எது பின்னன்னு தெரியாதவரோட என் பொண்ணு எப்படிக் குடும்பம் நடத்துவா? முடியாது தம்பி.”

சிஹாருவின் கண்கள் நிறைந்தன. அப்போது கதவு நகர்ந்தது. தொகியே அம்மாள் பெரிய மரப்பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். காராமணி போட்டு வேகவைத்த சிவப்புச் சோறு, மேலே எள்ளும் உப்பும்.

“என்னது இது?”

“பாத்தா தெரியலையாங்க?”

“நல்ல காரியம் முடிவானாத்தானே இதைச் செய்வாங்க?”

“ஆமா.”

“இன்னும் எதுவும் முடிவாகலையே!”

“அதான் நானும் பாக்குறேன். காரணம் இன்னும் கிளம்பவே இல்ல, காரியம் வந்து ஆவி பறக்க உக்காந்திருக்கு. நம்ம வீட்டுலயே இவ்ளோ பெரிய ஓட்டை. அப்படியே விட்டுடலாமா?”

குராமோச்சி சோற்றைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். புறப்படாத வண்டி ஒன்று வந்து சேர்ந்து நிற்கிறது, அதுவும் அவருடைய கூடத்தில்! அவர் முகம் வெளுத்தது.

“சரி. சம்மதம்,” என்றார் அவசரமாக. பிறகு பெருமூச்சு விட்டார். “இப்ப சரியாயிடுச்சு.”

சிஹாரு அழுதாள், நிகைடோ அழுதார். மாப்பிள்ளையிடம் கிண்ணத்தை நீட்டிய மாமனார், வாங்கியவருக்குக் கைகள் இரண்டு என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொண்டார்.

அன்புள்ள வாசகரே, அந்தச் சிவப்புச் சோற்றுக்கான ஒட்டரிசி ஊறவே அரை நாள் ஆகுமே, அப்படியானால் தொகியே அம்மாள் அதை எப்போது களைந்து போட்டார், கணவர் மறுக்கப்போவது அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று தாங்கள் இப்போது விரல் மடக்கினீர்களா? மடக்கியிருந்தால் மெல்ல நீட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

தொகியே அம்மாளுக்கு மணமாகி முப்பத்தோர் ஆண்டுகள்.