ரிஜெக்ட் பாயும் என் பல்லும்

ஆம்பூரிலிருந்து மேல்விஷாரம் வரை ரிஜெக்ட் பாயிடம் ஏ கிரேடு வாங்கிய முகம் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்ன என்று, பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் எனக்கே தெரியாது.

எங்கள் ஷூ கம்பெனியில் அவருக்குத் தோல் தரம் பிரிக்கிற வேலை. தோலைக் கட்டைவிரலால் மடிப்பார், விழுகிற சுருக்கத்தைப் பார்ப்பார், ஏ, பி, ரிஜெக்ட் என்று சத்தமாகச் சொல்வார். மாட்டுத் தோலோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை மேனேஜர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"பி கிரேடு. வாய்தான் மடியுது, கண்ணோரம் மடியவே இல்ல" என்றார் பாய். மேனேஜர் இன்னும் கதவைத் தாண்டியிருக்கவில்லை.

என் முகம் மட்டும் எந்த கிரேடிலும் அடங்கவில்லை. பயம் வந்தால் எனக்குப் பல் வெளியே வந்துவிடும். மேனேஜர் திட்டத் திட்ட என் வாய் காது வரைக்கும் போகும். அவர் இன்னும் ஜாஸ்தியாகத் திட்டுவார். ஏலகிரிக்கு டூர் போனபோதுதான் பாய் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். சுவர்மேல் ஒரு குரங்கு எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. எங்களில் ஒருவன் கையில் குச்சி வைத்திருந்தான். எல்லோரும் சிரித்தோம்.

"அது சிரிக்கலப்பா, பயப்படுது. குச்சியக் கீழ போடு" என்றார் பாய்.

போட்டதும் குரங்கின் வாய் மூடிக்கொண்டது. பாய் குரங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மனுஷன் சிரிக்கக் கற்றுக்கொண்டதே பயத்தில்தான் என்றும், மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள், நான் மட்டும் மறக்கவில்லை என்றும் அன்றிலிருந்து கேன்டீனில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். பெருமைப்படுவதா, பேஜார் ஆவதா என்று எனக்குப் புரியவில்லை.

மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் என் பல் குடும்பப் பிரச்சினை ஆனது. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், தங்கள் தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னபோது நான் முழுப் பல்லையும் காட்டிவிட்டேன். அவர்கள் திரும்ப வரவில்லை. இரண்டாவது இடம் சத்துவாச்சாரி. அந்தப் பையனை மகளுக்குப் பிடித்துவிட்டது. அதனால் என் பயம் இரட்டிப்பானது. மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "பாயையும் கூட்டிக்கோங்க. நீங்க பல்லக் காட்டினா, பயம்னு அவராவது எடுத்துச் சொல்வாரு."

அங்கே பையனின் அம்மா சிரிக்கவே இல்லை. காபி கொடுத்தபோதும் முகத்தில் ஒரு சுருக்கமில்லை. பிடிக்கவில்லைபோல என்று நினைத்ததும் என் மேலுதடு ஏறத் தொடங்கியது. டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல், உதவிக்குப் பாயைப் பார்த்தேன். அவர் பழக்க தோஷத்தில் சோபாவின் கைப்பிடி உறையைக் கட்டைவிரலால் மடித்துக்கொண்டிருந்தார்.

"ரிஜெக்ட்" என்றார், சத்தமாக.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். என் டம்ளர் இறங்கிவிட்டது, பல் முழுவதும் வெளியே. எதிரே பார்த்தால், அந்த அம்மாவுக்கும் அப்படியே.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏலகிரியில் பார்த்த அதே பார்வை.

"ஏம்மா, நான் சொன்னது சோபாவ. இது ரெக்சினு. தோலுன்னு சொல்லி ஏமாத்திட்டானுங்க" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பயப்படாதீங்க. இவரும் பயந்துதான் உக்காந்திருக்காரு. பல்லப் பாருங்க."

அந்த அம்மா என் பல்லைப் பார்த்தார். "எனக்கும் இப்பிடித்தாங்க. நீங்க தப்பா நெனச்சிடுவீங்கன்னுதான் வாயையே தொறக்கல" என்று சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்ணோரம் நன்றாக மடிந்தது. இப்போதாவது ஏ கிரேடு சொல்வாரா என்று பாயைப் பார்த்தேன். காபியில் சர்க்கரை கம்மி என்றார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில், எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவே, பாய் தனியாக உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. காது வரைக்கும் சிரிப்பு. பாய் இன்றைக்கு ரொம்ப குஷி என்றாள் மனைவி. நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வாய் மூடிக்கொண்டது.