புட்டிப் பாலுக்கு ஒரு டாலி கிளார்க்

பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருவொற்றியூர் ஓட்டலில் வாரம் முழுவதும் சாப்பிட்ட அதே சாம்பாரைச் சாப்பிட்டு எழுந்தபோது தண்டபாணி ஒரு முடிவுக்கு வந்தான். இந்த மாதத்துக்குள் மனைவி மங்கையையும் பிள்ளையையும் தன் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டியது. கெஞ்சுவதில்லை, கோபித்துக்கொள்வதுமில்லை. காரணம் எதுவோ அதன் வேரில் கை வைப்பது.

காரணம் பால். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கும். மூன்றாம் மாதம் முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் சீரோடு கொண்டுவந்து விடுவார்கள். மூன்று போயிற்று, நான்கும் போயிற்று. காசிமேட்டிலிருந்து வண்டி வரவில்லை, சேதிதான் வந்தது. மங்கைக்குப் பால் போதவில்லையாம். மாமியார் குப்பம்மா கரையில் மீன் விற்கிறவள். கட்டுமரங்கள் கரையேறும்போதே பால் சுறாவை எடுத்துவந்து, அவித்து உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டு செய்து மகளுக்குத் தினமும் கொடுக்கிறாள். அதனால்தான் ஏதோ ஊறுகிறது. இந்த நேரத்தில் இடம் மாற்றினால் அதுவும் வற்றிப்போகும்.

திருவொற்றியூரிலும் கடல் இருக்கிறதே, அதிலும் சுறா இருக்கிறதே என்று தண்டபாணி கேட்டுப் பார்த்தான்.

"கடலு ஒண்ணுதான் மாப்ளே. அங்க உனுக்குன்னு வலை போட்றது யாரு?" என்றாள் குப்பம்மா.

அவன் படித்துத் துறைமுகத்தில் டாலி கிளார்க் ஆனவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கோடு போடுவது அவன் வேலை. நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. வலை போட அவனுக்குத் தெரியாது.

மனைவி இருக்குமிடத்துக்கே போய் இருந்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அதைக் கேட்டால் அவனுக்கு உடம்பு கூசும். கூட வேலை பார்க்கும் கிருஷ்ணப்பன், பிள்ளைக்குக் காது குத்த இரண்டு நாள் மாமியார் வீட்டுக்குப் போனவன். பதினோரு வருஷமாகிறது. அவனைத் துறைமுகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டோட மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான். அதனால் தண்டபாணி ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளில் போவான். விளக்கு வைப்பதற்கு முன் கிளம்பிவிடுவான். ஒரு வாய் காபிக்கு மேல் அந்த வீட்டில் எதையும் தொட்டதில்லை.

வழி காட்டியது துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் ஜஹாங்கீர். அன்று இறங்கிய பெட்டிகளில் பாதி சீமைப் பால் பவுடர்.

"இன்னா நைனா, பால் பத்தலன்னா பால வாங்கு. சீமையில பொம்பளைங்க இன்னா சுறாவா துன்றாங்கோ?"

சனிக்கிழமை மாலை தண்டபாணி ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்குப் போனான். கடைக்காரர் மூன்று டப்பா எடுத்து வைத்தார். ஒன்று தேன் மாதிரி கெட்டியான இனிப்புப் பால். மிச்சமானால் காபிக்கும் ஆகும் என்றார். மற்ற இரண்டும் பவுடர். ஒன்று பாதி ஆடை எடுத்தது, இன்னொன்று முழு ஆடை உள்ளது. மூன்றின் மேலும் மூன்று கொழுத்த பிள்ளைகள் சிரித்தன. தண்டபாணி பிள்ளைகளை நம்பவில்லை. சரக்குப் பெட்டியின் முத்திரையைப் படிப்பது போல ஒவ்வொரு டப்பாவையும் சுற்றிச் சுற்றிப் படித்தான். கடைக்காரர் அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு இரண்டு வாடிக்கைக்காரர்களை அனுப்பிவைத்தார். கெட்டிப் பாலில் சர்க்கரை அதிகம், கைக்குழந்தைக்கு ஆகாது. பாதி ஆடை முதல் மூன்று மாதத்துக்கு. முழு ஆடை அதற்கு மேல். முழு ஆடையை எடுத்துக்கொண்டான். கூடவே இரண்டு பக்கமும் வாய் வைத்த, படகு போன்ற கண்ணாடிப் புட்டி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை குப்பம்மா புட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இதுக்குத் துடுப்பு எங்கே என்று கேட்டாள். டப்பாவிலிருந்த பிள்ளையைப் பார்த்து, வாதம் வந்த மாதிரி ஊதிக்கிடக்குது என்றாள்.

மங்கை சண்டை போடவில்லை. அவளோடு இரண்டு வருஷம் குடித்தனம் செய்தவன் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். நல்லதுதான் வாங்கியிருக்கிறாய், ஆனால் நர்சம்மாவைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். தண்டபாணிக்கு அது நியாயமாகவே பட்டது. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டான்.

கார்ப்பரேஷன் குழந்தை நிலையத்தில் நர்ஸ் சிலுவையம்மாள் பிள்ளையைத் தராசில் போட்டாள். எடை குறைவில்லை, கூடுதலுமில்லை. டப்பா கொடுக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் தாய்ப்பால் கொடுத்து முடித்த பிறகுதான். முதலிலேயே புட்டியைக் காட்டினால் பிள்ளை அங்கே இழுக்காது. இழுக்காவிட்டால் தாய்க்குப் பால் சுரக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்ற வேண்டும். கரண்டியில் அமுக்காமல் அள்ளி, மேலே கத்தியால் வழிக்க வேண்டும். புட்டியையும் ரப்பரையும் ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் போட வேண்டும். பிள்ளை மிச்சம் வைத்தால் கொட்டிவிட வேண்டும். எத்தனை தடவை புட்டி காட்டினீர்கள், எவ்வளவு குடித்தான் என்று எழுதி, இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்துத்தான் டப்பா வேண்டுமா வேண்டாமா என்று சொல்வேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுதுவது யார் என்ற கேள்வி வந்தது. குப்பம்மா சுவரில் கரியால் கோடு போட்டுவிடுகிறேன் என்றாள். தண்டபாணி சிரித்தான். பதினான்கு வருஷ உத்தியோகம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"நீ போட்டா அது கோடு அத்தே. கண்ணால பாத்தவன் போட்டாத்தான் அது டாலி. பாக்காத மூட்டைக்கு நான் இந்நாள் வரிக்கும் கோடு போட்டதில்ல."

மங்கை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "மெய்தான்மா. அவரு சொல்றது ஞாயம்" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ பாத்துத்தான் போடணும். விடிகாலைல ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி, ராவுக்கு ரெண்டு வாட்டி."

"ரெண்டு வாரந்தானே?"

"ரெண்டே வாரம்."

அன்று மாலையே ஒரு பையில் இரண்டு சட்டையும் வேட்டியும் கொண்டுவந்தான். இது தங்குவது அல்ல, டியூட்டி என்று மறுநாள் துறைமுகத்தில் ஜஹாங்கீரிடம் விளக்கினான். ஜஹாங்கீர் தலையாட்டினான். கிருஷ்ணப்பனும் தலையாட்டினான், அதுதான் தண்டபாணிக்குப் பிடிக்கவில்லை.

வேலை சுத்தமாக நடந்தது. தண்டபாணி தண்ணீர் கொதிக்கவைத்தான், கரண்டியை வழித்தான், புட்டியை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தான். மத்தியானச் சங்கு ஊதியதும் சைக்கிளில் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவான். வந்தவனுக்கு மாமியார் சோறு போடுவாள். டியூட்டியில் இருப்பவன் சாப்பிடுவதில் தவறில்லை. சுறாப் புட்டு அவன் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. ராத்திரியில் பிள்ளை அழுதால் அவன் எழுந்து தோளில் போட்டுக்கொண்டான். மங்கை ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் அயர்ந்து தூங்கினாள்.

முதல் மூன்று நாள் பிள்ளை ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ் என்று குடித்தான். நான்காம் நாள் ரப்பரை நாக்கால் தள்ளினான். இரண்டாம் வாரம் புட்டியைப் பார்த்தாலே தாயின் மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தண்டபாணியின் தாளில் புட்டி காட்டியதற்குக் கோடுகள் வரிசையாக நின்றன. குடித்ததற்கு வெறும் கட்டங்கள். கொட்டிக் கொட்டி மாளாமல், டப்பாவில் இருந்த பவுடரைக் குப்பம்மா தன் டீயில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

தண்டபாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டப்பா தோற்றால் என்ன? தாய்ப்பால் போதும் என்பது அவன் கையெழுத்திலேயே நிரூபணமாகிவிட்டது. பால் போதும் என்றால் சுறா எதற்கு, காசிமேடு எதற்கு? தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நர்சம்மாவிடம் போனான்.

சிலுவையம்மாள் தாளைப் படித்தாள். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றாள். பிள்ளையைத் தராசில் போட்டாள். முக்கால் பவுண்டு ஏறியிருந்தது. டப்பாவை நிறுத்திவிடலாம் என்றாள்.

தண்டபாணி வாயைத் திறப்பதற்குள் மங்கை கேட்டாள். "எதனால நர்சம்மா இப்ப பால் இப்டி ஊறுது?"

நர்ஸ் அவள் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தூங்குகிறாள், ராத்திரியில் யார் உதவி என்று விசாரித்தாள். மங்கை ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்தும் சொல்லவில்லை. புருஷன் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்வதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"வேற ரகசியம் ஒண்ணுமில்ல" என்றாள் சிலுவையம்மாள். "நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், கை கொடுக்க ஆள். இப்ப நடக்கறது அப்படியே நடக்கட்டும். எதையும் மாத்தாதீங்க." பிறகு தண்டபாணியைப் பார்த்து, "முக்கியமா நீங்க" என்றாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும், தண்டபாணி தான் இன்று திருவொற்றியூருக்குப் போவதாகச் சொன்னான். குரலில் கொஞ்சம் ரோஷம் இருந்தது.

"போய்ட்டு வா" என்றாள் மங்கை. "ஆனா அந்த வூட்டுல இப்ப வேற ஆளு கீறாங்கோ."

தண்டபாணிக்கு விளங்கவில்லை.

"வூட்டுக்காரரு எடம் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுகினே இருந்தாரே. அம்மா போய் என்கிட்ட இருந்த சாவியக் குடுத்துட்டு வந்திச்சி. உன் பொட்டி, கட்டிலு, சைக்கிள் பம்ப்பு எல்லாம் பின்னால வலைக் கொட்டாயில பத்திரமா கீது."

"எப்ப குடுத்துச்சி?"

"மொத வாட்டி நர்சம்மாவப் பாத்துட்டு வந்தமே, மறு நாளு."

"ரெண்டு வாரமாவா கொட்டாயில கீது? நான் பாக்கவேயில்லியே."

"நீ புட்டியப் பாத்துகினு இருந்த" என்று சொல்லிவிட்டு மங்கை பிள்ளையோடு உள்ளே போனாள்.

அவன் வாசலிலேயே நின்றான். சற்று நேரம் கழித்துக் குப்பம்மா வெளியே வந்து, இரண்டு குடங்களை அவன் காலடியில் வைத்தாள். "மாப்ளே, கொழாயில தண்ணி வந்துகீது" என்றாள்.

தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். குழாயடியில் அவனுக்கு முன்னால் ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.