பெத்தாங் திடலில் நான் நிறுவிய டேட்டாபேஸ்

டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் நாலு வரி தட்டத் தெரிந்துவிட்டால் ஒருவனுக்கு வரும் திமிருக்கு மருந்தே கிடையாது. எனக்கு அது கல்லூரி மூன்றாம் வருடத்தில் வந்தது. நோட்டில் எழுதுகிறவர்களை எல்லாம் கல்லைத் தேய்த்து நெருப்பு மூட்டுகிறவர்களைப் போலப் பார்த்தேன். (அப்போது எனக்கு மூன்று அரியர் இருந்தது தனி விஷயம்.)

எங்கள் முதலியார்பேட்டையில் ஒரு பெத்தாங் கிளப் உண்டு. சின்ன மரக்குண்டுக்கு அருகில் விழும்படி இரும்பு உருண்டையை வீசும் பிரெஞ்சு ஆட்டம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறிவிட்டாலும் உருண்டையை எங்கள் ஆட்கள் இன்னும் கீழே வைக்கவில்லை. வருடாந்திரப் போட்டியில் யார் யாரோடு மோதுவது என்பதைத் திடலிலேயே, எல்லார் கண்ணெதிரிலும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். வீட்டில் குலுக்கிக்கொண்டு வந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கிளப் செயலாளர் லூர்து மாமா, அப்பாவின் நண்பர். முந்தைய வருடக் குலுக்கலில் ஓர் அணியின் சீட்டு காணாமல் போய், கைகலப்பு வரை போனது. இன்னொரு முறை குளறுபடி நடந்தால் பதவியை விட்டு இறங்க வேண்டும் என்று எதிர்கோஷ்டி எழுதியே வாங்கிவிட்டது. அந்த மனிதரிடம் போய், “சீட்டெல்லாம் கற்காலம் மாமா. டேட்டாபேஸ்ல போட்டுட்டா ஒரே கமாண்ட்ல முப்பத்திரண்டு டீமும் ஜோடி சேர்ந்துடும்” என்றேன். நம்பினார். பட்டியலைக் கொடுத்தார். நான் அதைக் கோப்பில் அடித்துக்கொண்டு, தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன். அதையும் செய்தார், பாவம்.

வீட்டு டெஸ்க்டாப்பில் எல்லாம் ஜோராக ஓடியது. அதைத் திடலுக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால் பெரியம்மா மகள் ஷர்மிளா அக்காவின் லேப்டாப்பை இரவல் வாங்கி, பெயர்க் கோப்பை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டேன். இங்கேயே மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போடா என்றாள். ஐந்து நிமிட வேலைக்கு ஒத்திகையா? சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஒன்பது மணி. ஓர் அணிக்கு மூன்று பேர் வீதம் தொண்ணூற்றாறு பேர், ஒவ்வொருவர் கையிலும் முக்கால் கிலோ இரும்பு உருண்டை. போன் இணையத்தில் டேட்டாபேஸை இறக்கி நிறுவினேன். வெற்றி என்று பச்சை டிக் வந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒரு புன்னகை புரிந்துவிட்டு, டேட்டாபேஸைத் தொடங்க டெர்மினலில் அதன் பெயரை அடித்தேன்.

கமாண்ட் நாட் ஃபவுண்ட். அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்.

நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பச்சை டிக். பெயரை அடித்தேன். இல்லையாம். இணையத்தில் கிடைத்த முதல் தீர்வைப் படிக்காமலே அள்ளி ஒட்டினேன். வரியின் முன்னால் அடையாளத்துக்குப் போட்டிருந்த டாலர் குறியையும் சேர்த்து ஒட்டியதால், டாலர் என்ற கட்டளையும் இல்லை என்றது. (அந்த நிலையிலும் முகத்தை விஞ்ஞானி மாதிரி வைத்திருந்தேன்.) மூன்றாவது முறையாக நிறுவத் தொடங்கியபோது வெயில் திடலின் பாதிக்கு வந்துவிட்டது.

எதிர்கோஷ்டித் தலைவர் ரங்கநாதன் உருண்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இன்னா லூர்து, போன வருசம் ஒரு டீமதான் காணோம். இந்த வருசம் முப்பத்திரண்டையும் காணோமா?”

மாமா என்னைத் திட்டவில்லை. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

சுண்டல் குண்டானோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிலோமினா அத்தைதான் எழுந்து வந்தார். “பேரெல்லாம் அந்தப் பொட்டியில இருக்குதா?”

“ஃபைல்ல இருக்கு அத்தை. டேட்டாபேஸ்தான் வரமாட்டேங்குது...”

“இருக்குதில்ல? படி. நான் எழுதிக்கிறேன்.”

படித்தேன். ஒரு மணி நேரமாக என் மூக்குக்கு நேரே இருந்த கோப்பைத் திறந்து, வாய்விட்டுப் படிப்பதற்கு எனக்கு டேட்டாபேஸ் தேவைப்பட்டிருக்கிறது! பிஸ்கட் அட்டைப்பெட்டி சீட்டுகளானது. மதியச் சுண்டல் அப்போதே ஆளுக்கொரு தொன்னையில் போய்ச் சேர, காலியான குண்டானில் முப்பத்திரண்டு சீட்டுகளை ரங்கநாதனையே எண்ணவைத்துப் போட்டார் அத்தை. பத்து நிமிடத்தில் குலுக்கல் முடிந்தது. மாமாவின் பதவியும் பிழைத்தது.

சாயங்காலம் ஷர்மிளா அக்கா லேப்டாப்பைத் திறந்து, அந்த மென்பொருள் இருக்கும் இடத்தின் முழு முகவரியை அடித்தாள். உடனே வந்து நின்றது.

“மூணு தடவையும் ஒழுங்காத்தான்டா ஏறியிருக்கு. கம்ப்யூட்டர் கமாண்டைத் தேடுறதுக்கு ‘பாத்’னு ஒரு ஃபோல்டர் பட்டியல் வச்சிருக்கு. அதுல இந்த ஃபோல்டரை நீ சேர்க்கல. ஒரு வரி.”

ஒரு வரி. உள்ளே இருப்பவரைத் தெருவிலிருந்து கூப்பிட்டு, பதில் வரவில்லை என்று வீட்டை இடித்துக் கட்டியவன் நான். அதுவும் இரண்டு முறை.

இப்போது எனக்கு டேட்டாபேஸ் வேலைதான் சோறு போடுகிறது. கிளப்பில் அதற்கு மரியாதை இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தச் சுண்டல் குண்டானில்தான் குலுக்கல். அதற்குப் பெயர் கம்ப்யூட்டர். போட்டியன்று காலை ரங்கநாதன் பிலோமினா அத்தையை ஒலிபெருக்கியிலேயே கேட்கிறார்: “அத்தாச்சி, கம்ப்யூட்டரக் கழுவியாச்சா?”

கழுவுவது நான்.