அந்த மாமா நான்தானா?

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இந்த இரண்டு சொற்களைப் போட்டுவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் 'மாமா எழுதுவது' என்று எழுத எனக்குக் கை கூசியதே இல்லை. அடுத்த வரியில், இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுதவும் என்று போட வேண்டும். போட்டாயிற்று என்று வைத்துக்கொள். எல்லோரும் சௌக்கியம்தான், நான் ஒருவன்தான் பாக்கி. காய்ச்சலோ மூட்டுவலியோ இல்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இந்தத் தெருவில் நான் ஒரு கொலைகாரன்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்கத்தான் செய்தேன். நான் எழுதுகிற டிவி தொடரைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் மாமா, வேலை கிடக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். பேசக்கூடாது என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறாய், எழுதக்கூடாது என்று எழுதிக் கொடுக்கவில்லையே? ஆகவே எழுதுகிறேன். நீ வாயைத் திறக்கவும் வேண்டாம், பேனாவைத் திறக்கவும் வேண்டாம். அந்த மாமா நான்தான் என்றால் ஒரு வெள்ளைத் தாளை மடித்து உறையில் போட்டு அனுப்பு. நான் இல்லை என்றால் ஒன்றும் அனுப்பாதே. தபால் வழியில் தொலைந்துவிட்டால் நான் நிரபராதி.

நடந்ததைக் கோர்வையாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் தொடர் வருகிற நேரத்துக்கு நம் மெத்தைக் கடையில் வியாபாரம் நடக்காது, ஆனால் கடை நிரம்பி வழியும். தெருவில் எல்லார் வீட்டிலும் டிவி இருக்கிறது. இருந்தாலும் விற்காத மெத்தைகளின்மேல் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு கொலை பார்க்கிற சுகம் சொந்த வீட்டில் வருமா? மாடி வீட்டுத் தம்பதி ஸ்பிரிங் மெத்தையில், சைக்கிள் கடைக்காரர் இலவம்பஞ்சு மெத்தையில், பிள்ளைகளெல்லாம் மூலையில் குவித்த தலையணைகளின்மேல். நான் விளக்கை அணைத்துவிடுவேன். பஞ்சுத் தூசி டிவி வெளிச்சத்தில் போவதா வேண்டாமா என்று மிதந்துகொண்டிருக்கும். உன் அத்தை மட்டும் பின்கட்டில் சமையல் வேலையாக இருப்பாள், அவளுக்கு ரத்தம் பார்க்கப் பிடிக்காது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அரைத் தூக்கத்தில்தான் பார்ப்பார்கள். உன் கதையில் நடந்தது எது, கண்ணயர்ந்தபோது அவர்கள் கண்டது எது என்று மறுநாள் பெரிய வாக்குவாதமே நடக்கும். போன மாதம் சைக்கிள் கடைக்காரர், தொடரில் ஒரு யானை வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது என்று சத்தியம் பண்ணினார். இல்லை என்று சொல்ல எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு மட்டும் ஒருவரும் தூங்கவில்லை. பாதி சீசனோடு நிறுத்தப்போகிறார்கள், ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை வாரமும் துப்பாக்கிக்கும் விஷத்துக்கும் தப்பிவந்த இன்ஸ்பெக்டரம்மா, வெளியே மழை கொட்ட, ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் தன்னந்தனியாகப் போனார். அறை அறையாகத் தேடிக் களைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடினார். கதவு திறந்தது. இரண்டு கைகள், கைகளில் ஒரு தலையணை, முகம் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, 'மாமா' என்றார். திரை இருண்டுவிட்டது. மீதி மூன்று மாதம் கழித்து என்று எழுத்து வந்தது. அப்புறம் ஒவ்வொரு மெத்தையிலிருந்தும் ஒவ்வொரு தலையாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

ஏன் என்னை என்று நான் கேட்கவும் வழியில்லை. இந்தக் கதையை எழுதுகிறவள் என் அக்கா மகள் என்று தெரு முழுக்கத் தமுக்கடித்தவன் நான்தான். அவளுக்கு உலகத்தில் நான் ஒரே மாமா என்று சேர்த்துச் சொன்னவனும் நான்தான். அதையும் சமாளித்திருப்பேன். நம் தையல்காரர் இருக்கிறாரே, அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தலையணையின் மூலையைப் பார்த்தீர்களா, உள்ளே மடக்கி இரட்டைத் தையல், அது நம் கடைத் தலையணை, என் கைத் தையல் என்று அறிவித்தார். திரையில் மூலையே தெரியவில்லை, பாப்பா. சொன்னால் கேட்கிறாரா மனுஷன். இத்தனை காலம் தைத்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அன்றிலிருந்து யார் கடைக்குள் நுழைந்தாலும், 'கொலைக்கு எடுத்த தலையணை இதே ரகம்தாங்க, தொட்டுப் பாருங்க' என்கிறார். வந்தவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள், பிறகு பையை எடுத்துக்கொண்டு ஃபோம் கடைக்குப் போகிறார்கள்.

இதற்கு நடுவில் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தெரு என்ன பாடு படுகிறது தெரியுமா? மாமா என்றால் அம்மாவின் தம்பிதான் என்று யார் சொன்னது, மாமனாராக இருக்கலாமே என்று ஒரு கட்சி. மாடி வீட்டு அம்மாள் கட்டிய நாளிலிருந்து வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் காலையிலிருந்து 'இங்க பாருங்க' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் எதையோ பறிகொடுத்தவர்போல என் கடையில் வந்து உட்கார்ந்து, இந்தத் தொடரை எழுதியது உங்கள் மருமகள்தானே என்று கேட்டுவிட்டு வெளியே வெறித்துப் பார்க்கிறார். முனையில் நிற்கிற போலீஸ்காரரைப் பொடிசுகள் மறைவாக மாமா என்று சொல்வது உனக்குத் தெரியும்தானே. அவர் விறைப்பாகக் கடைக்குள் வந்தார். எங்கள் துறையை அவமானப்படுத்தும் நோக்கம் உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை, அந்த மாமா அநேகமாக நான்தான் என்று நானே என் வாயால் சொல்லும்படி ஆகிவிட்டது. சந்தோஷப்பட்டு ஒரு தலையணை வாங்கிக்கொண்டு போனார். இந்த வாரத்தின் வியாபாரம் அது ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, அதைப் பெண் குழந்தைக்கு எழுதுகிற கடிதத்தில் நான் எழுத மாட்டேன், ஆனால் அதற்கும் சலூனில் ஒரு கட்சி இருக்கிறது. தெருப் பிள்ளைகள் என்னை அங்கிள் என்கிறார்கள். ஒருத்தன் சார் என்றான். அதுதான் ரொம்ப வலித்தது.

உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கூடப் பிறந்தவள், அவளாவது எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? சாப்பாட்டைக் கொண்டுவந்து எட்டத்தில் வைத்துவிட்டு, 'எம் பொண்ணு ஒண்ணுமில்லாம எழுத மாட்டாடா. நீ என்ன செஞ்சேன்னு நீயே யோசிச்சுச் சொல்லு' என்றாள். யோசித்தேன், பாப்பா. என்னத்தைச் செய்தேன்? நீ கதை எழுதப் பெரிய ஊருக்குப் போகிறேன் என்றபோது, உன் அம்மா குறுக்கே நிற்க, போகட்டும் விடு அக்கா என்று சொன்னேன். அது குற்றமா? எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மத்தியான நேரத்தில் கடையில் ஆளே இல்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, தையல்காரர் தன் மெஷின்மேலேயே தலையை வைத்துவிட்டார், வாசலில் வெயில் வெள்ளைத் துணிமாதிரி விரிந்து கிடக்கிறது. நானும் காட்டன் மெத்தையில் இப்படிச் சாய்ந்தபடிதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுத்து மேட்டுக்கும் பள்ளத்துக்கும் போனால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே ஒரு கோடு நீளமாக இழுத்துக்கொண்டு தாளின் ஓரம்வரை போயிருக்கிறதே, அது நான் தூங்கிவிட்டது. நல்ல தூக்கம். இன்ஸ்பெக்டரம்மா கடைக்கு வந்தார், பாப்பா. மழையில் நனைந்த சட்டை, கையில் தொப்பி. செருப்பை, இல்லை, பூட்ஸைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தார். எந்த மெத்தை நன்றாக இருக்கும் என்று கேட்டார். நான் பஞ்சு மெத்தையைத் தட்டிக் காட்டினேன், படுத்துக்கொண்டார். இதுதான் சமயம் என்று, அம்மா, அந்த மாமா யார், நானா என்று குனிந்து கேட்டேன். 'கொஞ்சம் தூங்கிக்கறேனே, எழுந்து சொல்றேன்' என்றார். சரி என்று வாசல் திரையை இழுத்துவிட்டு, தெருவில் போகிற சைக்கிள்களை மணி அடிக்காதீர்கள் என்று சைகை காட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, ரொம்ப நன்றாக இருந்தது. முழித்துப் பார்த்தால் மெத்தையில் நான்தான் கிடக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

ஆகையால் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கொலைகாரன் என்ற பெயர்கூட எனக்குப் பெரிதில்லை, மூன்று மாதம் கழித்து மறந்துவிடுவார்கள், ஜனங்களுக்கு வேறு கொலை கிடைத்துவிடும். என் மனசைக் குடைவது வேறு. நீ எழுத உட்கார்ந்தாய். இருட்டில் தலையணையோடு வந்து நிற்கிற ஒரு கெட்டவனுக்கு ஏதாவது ஓர் உறவு தேவைப்பட்டது. பெரியப்பா இல்லையா, சித்தப்பா இல்லையா, பக்கத்து வீட்டுக்காரன் இல்லையா? உன் கைக்கு முதலில் வந்தது நானா? என்னைப் பற்றி உனக்கு மனசுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது, அதைச் சொல்லிவிடு. எனக்கு வருத்தமாக இருக்கிறது. மறைப்பானேன், ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே, மாற்றிவிட முடியாதா? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், பணம் காசு வேண்டாம், எடுத்துக்கொள். அந்த மாமாவுக்கு அவர் மாதிரியே ஓர் இரட்டைப் பிறவி இருந்தான் என்று வை. அல்லது இன்ஸ்பெக்டரம்மா மாமா என்று சொல்லவில்லை, மாமரம் என்று சொல்ல வந்து பாதியில் நின்றுவிட்டது, புதையல் மாமரத்தடியில் இருக்கிறது என்று வை. சைக்கிள் கடைக்காரர் யானையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார், அதையும் பரிசீலிக்கவும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், உன் தொடர் ஓகோவென்று ஓட வேண்டும், ஆனால் என்மேல் ஏறி ஓட வேண்டாம். அத்தை ஆசிகளைச் சொல்லச் சொன்னாள். தையல்காரர் தன் நன்றியைத் தெரிவிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
இன்னும் தீர்ப்பு வராத உன் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உறை கேட்டு உன் அத்தையிடம் போனேன். யாருக்கு என்ன எழுதினேன் என்று கேட்டாள், சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

'நீங்க எல்லாரும் படத்தைப் பாத்தீங்க. நான் பாக்கல, உள்ள இருந்து குரலை மட்டும் கேட்டேன். அது ஆளைக் காட்டிக் கொடுக்கற குரல் இல்லீங்க. பயத்துல ஆளைக் கூப்பிடற குரல்' என்றாள். உறையை எடுத்து நீட்டிவிட்டு, 'எழுதினவளுக்கு உங்களை விட்டா வேற மாமா யாரு?' என்றாள்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே நீ 'மாமா' என்றாய். தலையணையும் மழையும் இல்லாமல் வெறும் குரலாகக் கேட்டபோது அத்தை சொன்னது புரிந்துவிட்டது. ஒன்றுமில்லை மாமா, வேலை அதிகம், படுத்தால் தூக்கமே வர மாட்டேன் என்கிறது, எத்தனையோ நாளாயிற்று, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாய். ஊருக்கெல்லாம் தூக்கத்துக்கு மெத்தை விற்கிறவன், சரிம்மா என்று வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தப் பின்குறிப்பு.

கடையைத் தையல்காரரிடம் விட்டுவிட்டேன். நல்ல பஞ்சாக எடுத்து வெயிலில் காயவைத்து ஒரு தலையணை அடைத்தாயிற்று, முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். கையில் தலையணையோடு பஸ் ஏறுவதைத் தெருவே பார்க்கும். பார்க்கட்டும். அந்த மாமா யார் என்று நீ எனக்குச் சொல்லவும் வேண்டாம், கதையை மாற்றவும் வேண்டாம். ஆனால் ஒன்று யோசித்தேன். நீ கதவைத் திறக்கும்போது, முகம் தெரியாத இருட்டு நடையில் தலையணையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றால், அதை எழுதியவளே அலறிவிடுவாய். அதனால் முதலில் இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் மணியை அழுத்துவேன். துப்பறியும் கதையையே கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் நீ, இதைத்தான் முதலில் பார்ப்பாய்.

மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், பாப்பா. கதவைத் திற. கூப்பிட்டாயே, வந்திருக்கிறேன்.