நடுவில் ஒரு ஷாஃப்ட்

"உங்க மாமனார்கிட்டச் சொல்லிடுங்க. அந்த வேன் காயலான் கடைக்குப் போச்சுன்னா, நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

மாமனார் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் மாப்பிள்ளை முறையாகத் திரும்பி, அதை அவரிடம் ஒப்பித்தான்.

"உங்க பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க மாப்ள, வாங்குறவன் சாயங்காலம் வர்றான். கியர் மாத்தினாலே அடியில கடகடங்குது, அதை வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

கல்யாணமாகி முதல் தடவை மாமியார் வீட்டுக்கு வந்தவனுக்குக் காலையிலிருந்தே இந்தத் தபால் வேலைதான். சத்தம் நின்றால் சண்டையும் நிற்கும் என்று கணக்குப் போட்டான். ஆள் லேத் பட்டறைக்காரன். ஷாஃப்ட் என்றால் உயிர். பெண் பார்க்க வந்த அன்றே பெண்ணை விட்டுவிட்டு மாமனாரிடம் அதைப் பற்றித்தான் பேசினான்.

எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் ஷாஃப்ட்டில் ஒரு மூட்டு தேய்ந்திருந்தது. கிரீஸ் வைத்தான். கடகட இன்னும் தெளிவாகக் கேட்டது. சரியென்று ஷாஃப்ட்டையே கழற்றி, இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

கைபிரேக் செத்த வேன். கியரின் பிடியில்தான் நின்றிருந்தது. கியருக்கும் சக்கரத்துக்கும் இருந்த ஒரே சொந்தம் இப்போது இவன் கையில் இருந்ததால், அது நிதானமாகப் பின்னால் உருண்டு, கேட்டைச் சாய்த்துவிட்டு நின்றது. இரண்டு தரப்பும் கேட்டுக்கான கண்டனத்தை இவன் வழியாகவே அனுப்பின.

அவனுக்கோ ஷாஃப்ட்டை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. என்ன பொறுமை இதற்கு! எஞ்சின் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும். இது நடுவில் வளைந்து கொடுத்து, அங்கே வாங்கிய சுழற்சியை ஒரு சுற்றுகூடக் குறையாமல் இங்கே கொண்டுவந்து சேர்க்கும். 'நம்மாளு' என்று தட்டிக்கொடுத்தான்.

கடைக்கு ஓடி, புது மூட்டு வாங்கி மாட்டினான். இரண்டு முனை மூட்டுகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அவசரத்தில் ஒன்று கோணிக்கொண்டது. வேன் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. மாமனார் வாட்ச்சைப் பார்த்தார். மனைவி மூக்கை உறிஞ்சினாள். மறுபடி கழற்றி, நேர் பார்த்து மாட்டினான்.

வேன் பூனை மாதிரி நகர்ந்தது. மாமனார் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தகப்பனும் மகளும் சிரித்துப் பேசியபடி தெருமுனையில் மறைந்தார்கள். உடம்பெல்லாம் கிரீஸோடு இவன் கண்கலங்கி நின்றான்.

"வாங்குறவர் வந்தா என்ன சொல்றது அத்தை?"

மாமியார் சோப்பை நீட்டினார். "எந்த வாங்குறவரு? மூத்த மாப்பிள்ளை வந்தப்பவும் இதே சண்டைதான், அவரு கிளட்ச் போட்டுக் கொடுத்தாரு. சின்னவளுக்குத்தான் இன்னும் கியர்பாக்ஸ் தெரிஞ்ச பையனா அமைய மாட்டேங்குது."